சிகரெட் தீருகிறவரை

கீழ்வீட்டு சத்தியதாஸ் சாரை மேலிருந்து பார்த்தால் வழுக்கைத் தலையும் வலது முழங்கையும் மட்டும்தான் தெரியும். பால்கனிக் கம்பிக்கு வெளியே முழங்கையை நீட்டி வைத்துக்கொண்டு சிகரெட் பிடிப்பார். முடிந்ததும் உள்ளங்கையால் கம்பியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்.

மனைவி போனபிறகு மகன் சுமந்தின் ஃப்ளாட்டுக்கு வந்து சேர்ந்தவர் அவர். வீட்டுக்குள் பிடிக்கக்கூடாது என்று மருமகள் சொல்லியிருந்தாள். அவர் வந்த புதிதில், துணி காயப்போடும்போது, எங்கேயோ பார்த்த கை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஒருநாள் அந்தத் தட்டலைக் கேட்டதும் ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. போனக்காட்டுக்கு வந்துகொண்டிருந்த ஆனவண்டியின் டிரைவர். அரசு பஸ்ஸுக்கு இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

நான் போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனேன். நாங்கள் குடியிருந்த லயங்கள் மேட்டில் இருந்தன. பஸ் நிற்கும் இடம் கீழே, ஃபேக்டரிக்கு எதிரே. வித்துரா சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போவதென்றால் காலையில் அந்த ஒரு பஸ்தான். விட்டால் அன்றைக்குக் காரியம் நடக்காது. விடியற்காலையில் பனி மூடிக் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் பஸ் நிற்கிறதா போய்விட்டதா என்று தெரியாது. அதனால் வளைவுக்கு வந்ததும் பெண்கள் எல்லோரும் மூக்கை உயர்த்தி மோந்து பார்ப்போம்.

"மணம் இருக்குட்டி. மெல்ல வா, வழுக்கும்."

சிகரெட் மணம். அது இருந்தால் பஸ் இருக்கிறது என்று அர்த்தம். யாராவது இன்னும் இறங்கி வந்துகொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் சத்தியதாஸ் டிரைவர் வண்டியை விட்டு இறங்கி ஒன்றைப் பற்றவைப்பார். கண்டக்டர் மணிக்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு சத்தம் போடுவார்.

"அண்ணே, டைம் கழிஞ்ஞு."

"சிகரெட் கழியட்டெடே. தீப்பெட்டிக் காசு ஒங்கப்பனா தாரான்?"

கடைசி ஆள் ஏறினபிறகு, கையில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அதைப் போட்டு மிதித்துவிட்டு, பஸ்ஸின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டி ஏறிக்கொள்வார். ஏறினவர்கள் ஒருவரும் அவருக்கு நன்றி என்று சொன்னதில்லை. அவரும் யாருக்காக நின்றேன் என்று காட்டிக்கொண்டதில்லை. மலையில் பல டிரைவர்கள் மாறினார்கள். சிகரெட் மணத்தை நம்பி நாங்கள் நடந்தது இவர் ஓட்டின வருஷங்களில் மட்டும்தான்.

எஸ்டேட்டில் வேலை குறைந்துபோனபோது என் வீட்டுக்காரர் ராஜையன் நகரத்துக்கு இறங்கிவந்து சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசிக் கடையில் சேர்ந்தார். இப்போது கிழக்கேகோட்டையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், மூன்று மாடிக் கட்டிடத்தில், இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே இருப்பவர் அந்த டிரைவர்தான் என்று தெரிந்தபிறகும் நான் போய்ப் பேசவில்லை. எனக்குப் பேச்சு வராது. துணி காயப்போடுகிற நேரத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். அவர் பிடிக்கும் நேரத்தில் பால்கனியில் நின்றால், பனியும் ஈரத் தேயிலையும் கூடவே வந்து நிற்பதுபோல் இருக்கும்.

நீது பிரசவத்துக்கு வருகிறவரைக்கும் இப்படித்தான் இருந்தது.

நீது எங்களுக்கு ஒரே மகள். கட்டிக்கொடுத்தது மார்த்தாண்டத்தில். முதல் பிரசவம் தாய்வீட்டில். பிள்ளையோடு மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகவேண்டும். அந்த மூன்று மாதத்துக்காக நான் வருஷம் முழுக்கக் காத்திருந்தேன் என்றுதான் சொல்லவேண்டும். பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, மூச்சில் லேசாகக் குறுகுறுப்பு. புகை, தூசி ஆகாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கூடத்தில் பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில்தான் கொக்கி இருந்தது. அங்கே தொட்டில் கட்டினோம். வீட்டுக்கு வந்த மறுநாளே நீது தொட்டில் துணியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். எனக்குப் பழகின மணம். ஆனால் அது இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது.

"கீழ போய் ஒண்ணு பற அம்மா. ரெண்டே வார்த்தை. கதவைத் தட்டு, பிள்ளை இருக்குன்னு சொல்லு. அத்ரயே உள்ளூ, வேற ஒண்ணும் வேண்டாம்."

"அப்பா வரட்டும்."

ராஜையன் வந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே தலையை ஆட்டினார். "நான் போக மாட்டேன், புள்ளே. பீடியை விட்டு நாலு வருஷம் ஆச்சு. அந்த மனுஷன் சிரிச்சிக்கிட்டே எனக்கும் ஒண்ணை நீட்டினா, வேண்டாம்னு எந்தக் கையால சொல்லுவேன்?"

"நல்ல அப்பனும் அம்மையும்" என்றாள் நீது.

நான் பால்கனிக் கதவைச் சாத்தி வைத்தேன். உள்ளே புழுங்கியது, குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. திறந்தால் புகை. இரவு பாலைக் குடித்துவிட்டு இருமியது. அத்தனை சின்ன மார்பிலிருந்து அப்படி ஒரு இருமல் வரும் என்று நான் நினைக்கவில்லை. நீது போனை எடுத்து மலையாளத்தில் மளமளவென்று எழுதினாள்.

"ஃப்ளாட் குரூப்புல போடப் போறேன். எல்லாரும் பாக்கட்டும்."

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? அவர் உனக்கு ஆரு?"

யாரும் இல்லைதான். ஆனால் இந்தக் கட்டிடத்தில் எல்லாருடைய போனிலும் அவர் பேர் வந்து, மருமகள் அதை அவர் முன்னால் வாசிக்கக்கூடாது.

நீது போனைக் கவிழ்த்து வைத்தாள். "சரி, போடல்ல. ஆனா நாளைக்குள்ள நீ என்னமாவது செய்யணும், கேட்டியா? இல்லேன்னா உன் மருமகனை வண்டி கொண்டுவரச் சொல்லுவேன். மார்த்தாண்டத்துல வீட்டைச் சுத்தி ரப்பர்தான். எம்பிள்ளை நல்லா மூச்சு விடும்."

அவள் சொன்னால் செய்கிறவள்.

லயத்தில் ஒரு பழக்கம் இருந்தது. வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வீடுகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தகரக்கூரை. நடுச்சுவர்கள் கூரைவரைக்கும் போகாது. ஒரு வீட்டில் அடுப்பு மூட்டினால் புகை சுவருக்கு மேலே ஏறி அடுத்த வீட்டில் இறங்கும். யார் வீட்டில் கருவாடு என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் குழந்தை பிறந்த வீட்டில் ஒரு கோணிச் சாக்கை நனைத்துச் சுவர்மேல் தொங்கப்போடுவார்கள். புகையை அது கொஞ்சம்தான் தடுக்கும். ஆனால் சாக்கைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக்காரர்கள் தாங்களாகவே அடுப்பை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மூன்று கல்லை வைத்து, மழையானால் தலையில் கொங்காணியைப் போட்டுக்கொண்டு, வெளியேதான் சோறு பொங்குவார்கள். சாக்கை எடுக்கிறவரைக்கும் அப்படித்தான். வாயைத் திறந்து கேட்கவேண்டிய வேலையே கிடையாது. என்னைப்போன்ற ஆளுக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்று நகரத்துக்கு வந்தபிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில், மிதியடியாகப் போட்டிருந்த பழைய சாக்கைத் துவைத்து, தண்ணீரில் முக்கி, பால்கனிக் கம்பியில் தொங்கவிட்டேன். இங்கே அது யாருக்கும் புரியாது என்று எனக்குத் தெரியும். புகையையாவது பிடிக்கட்டும் என்று நினைத்தேன். சரியாகப் பிழியவில்லை.

"ஏய்! ஏய்! மேல ஆரது?"

பிறகு படிக்கட்டில் செருப்புச் சத்தம். காலிங் பெல் விடாமல் அடித்தது.

கதவைத் திறந்தேன். சத்தியதாஸ் சார் நின்றார். சட்டைத் தோள் முழுக்க நனைந்திருந்தது. விரலிடுக்கில் சிகரெட் ஊறித் தொங்கியது.

"இது என்ன கூத்து? மழையான்னு பார்த்தா வெயில் சுள்ளுனு அடிக்குது. நனைஞ்ச கோழி மாதிரி ஆக்கிட்டீங்களே!"

உள்ளே குழந்தை அழுதது. அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"கொச்சு உண்டோ இங்க?"

"ம்."

"எப்போ பிறந்துது? ஆரும் எங்கிட்ட பறஞ்ஞில்லல்லோ."

"சொல்லல்ல."

"சொல்லாம சாக்கைத் தொங்கவிட்டா மனுஷனுக்கு என்ன மனசிலாவும்?" சொல்லிக்கொண்டே பால்கனிப் பக்கம் எட்டிப் பார்த்தார். அந்தச் சாக்கைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "பிள்ளே, நீ எவிடம்?"

"போனக்காடு. மேல் லயம்."

அவர் கை நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டது. "நான் அங்க ராத்திரி ஹால்ட் கிடந்திருக்கேன். சுவத்துமேல இதே மாதிரி சாக்கைப் பாத்திருக்கேன். எலிக்கு வச்சதுன்னுல்லா நெனச்சேன்!"

"எலிக்கு இல்ல. பிள்ளை பிறந்த வீட்டுல கட்டுறது. புகை வராம. அதைக் கண்டா பக்கத்து வீட்டுல அடுப்பை வாசலுக்குக் கொண்டுபோவாங்க."

அவர் அந்த நனைந்த சிகரெட்டைச் சட்டைப் பைக்குள் போட்டார். அதைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நீங்க ஒருதடவை பத்தவைக்கல்ல."

"என்னது?"

"பெரிய மழை. வித்துரா ஆஸ்பத்திரியில பிள்ளையைப் பெத்துட்டு நான் உங்க வண்டியில ஏறினேன். முன்சீட்டுல இருந்தேன். நீங்க சிகரெட்டை எடுத்தீங்க, திரும்பிப் பாத்தீங்க, காதுல சொருகிக்கிட்டீங்க. மேல போய்ச் சேருறவரைக்கும் எடுக்கல்ல. என்ன டிரைவரே இன்னைக்கு விரதமான்னு கண்டக்டர் கேலி பண்ணினாரு. தீப்பெட்டி நனைஞ்சு போச்சுடேன்னு சொன்னீங்க." மூச்சு வாங்கியது எனக்கு. "நனையல்ல. எஞ்சின் பெட்டி மேலதான் இருந்துது. நான் பாத்தேன்."

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"எனக்கு ஓர்மை இல்ல, பிள்ளே. எத்தனை அம்மைமாரு, எத்தனை கொச்சு அந்த வண்டியில வந்திருக்கு." பிறகு, "அந்தப் பிள்ளை இப்போ எங்க?" என்றார்.

"உள்ள இருக்கா. அவ பிள்ளைதான் அழுவுது."

அதற்குள் நீது குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து என் பின்னால் நின்றாள். சண்டைக்குத் தயாராகத்தான் வந்தாள். சத்தியதாஸ் சார் அவளை ஒருதடவை, குழந்தையை ஒருதடவை பார்த்தார். சட்டையில் சிகரெட் வாடை இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு படி கீழே இறங்கி நின்றுகொண்டார்.

"இதை விடுன்னு மட்டும் சொல்லாதீங்க. பெண்டாட்டி சொல்லி விடல்ல, டாக்டர் சொல்லி விடல்ல."

"விடச் சொல்லல்ல அண்ணாச்சி" என்றேன். "அடுப்பை வாசலுக்குக் கொண்டுபோனாப் போதும்."

அவர் சிரித்துவிட்டார். "சாக்கை எடுத்துப் பிழி முதல்ல. கீழ என் மருமகளோட பப்படம் காயுது."

அவர் இறங்கிப் போனபிறகு நீது பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "என் கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு பேசல்லியே அம்மா."

அன்றிலிருந்து சத்தியதாஸ் சார் படியிறங்கிக் கேட்டுக்கு வெளியே போய், எதிர்ச் சுவரோரம் நின்றுதான் பிடித்தார். முழங்கையை வைக்க அங்கே கம்பி இல்லை. வாட்ச்மேனின் ஸ்கூட்டரில் சாய்ந்துகொள்வார். மழை நாளில் குடையோடு நிற்பார். முட்டி வலிக்கு அந்தப் படிகள் சுலபமில்லை என்று அவர் இறங்குகிற விதத்திலேயே தெரிந்தது. சில நாள் நான் தேநீரை மூடிபோட்ட தம்ளரில் ஊற்றி வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்புவேன். கதவைத் திறந்து வைத்துத் தொட்டிலை ஆட்டினேன். நல்ல காற்று வந்தது. வெறும் காற்று. குழந்தையின் குறுகுறுப்பு அடங்கி, கன்னத்தில் சதை வைத்தது. எனக்கு மட்டும் துணி காயப்போடும்போது ஏதோ ஒன்று குறைந்தது. அதை யாரிடம் சொல்ல முடியும்?

மூன்று மாதம் முடிந்து மருமகன் பிரபின் காரோடு வந்தான். வந்ததிலிருந்தே அவசரம்.

"அத்தே, இப்பவே இறங்கினாத்தான் உண்டு. பாலராமபுரத்துல பிளாக் ஆயிடும்."

பைகளை எல்லாம் இறக்கிவிட்டான். நான் உரைமருந்தைப் பொதிந்துகொண்டிருந்தேன். தொட்டில் துணி இன்னும் காய்ந்திருக்கவில்லை. கை வேலை செய்தது. மனம் ஒன்றையும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை. கீழே ஹார்ன் அடித்தான். நீது, "வரட்டா அம்மா" என்று செருப்பைத் தேடினாள்.

மறுபடியும் ஹார்ன். பிறகு பிரபினின் குரல்.

"சார், ஒண்ணு மாறி நிப்பீங்களா? வண்டி எடுக்கணும்."

பால்கனிக்குப் போய்ப் பார்த்தேன். கேட்டுக்கு நடுவே, காருக்கு முன்னால், சத்தியதாஸ் சார் வழியை மறித்துக்கொண்டு நின்றார். மெதுவாகத் தீப்பெட்டியை எடுத்தார். குச்சியை உரசி, உள்ளங்கையைக் குவித்துப் பற்றவைத்தார். அண்ணாந்து பார்க்கவில்லை.

"இது தீரட்டெடே" என்றார்.

"சார், டைம் ஆச்சு."

"டைம் அங்கேயே கிடக்கும்."

நான் உள்ளே வந்தேன். நீதுவின் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டேன். அவள் போட்ட செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். குழந்தை என் மூக்கைப் பிடித்து இழுத்தது. உச்சந்தலையை மோந்து பார்த்தேன். பாலும் வசம்பும் மணத்தது. இரண்டாவது மாடிக்குப் புகை வரவில்லை. ஆனாலும் வளைவில் நின்று மூக்கை உயர்த்தினவளைப்போல, இன்னும் நேரம் இருக்கிறது, மெல்லப் போகலாம் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

கேட்டுக் கம்பியில் இரண்டு தட்டுக் கேட்டது.

பிள்ளையை நீதுவின் கையில் கொடுத்தேன்.