அணைக்காத மைக்

என் சகலையை எல்லாரும் சுவிட்ச் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். அவருக்கு நாடாளுமன்றத்தில் மைக் போடுகிற வேலை. அவைக்கு மேலே கண்ணாடி வைத்த ஓர் அறை, அதில் ஒரு மேஜை, மேஜை முழுக்கப் பொத்தான்கள். ஒவ்வொரு பொத்தானும் கீழே ஓர் உறுப்பினரின் இருக்கைக்குரியது. சபாநாயகர் யாரைக் கூப்பிடுகிறாரோ அவருடைய மைக்கைப் போட வேண்டும், பேசி முடித்ததும் அணைக்க வேண்டும். கல்யாணமான புதிதில், இதற்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்களா என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டேன். சிரித்துக்கொண்டார். அவருக்குக் கோபம் வராது. எங்கள் இருவருக்கும் சேர்த்து எனக்கே வந்துவிடும். நான் பஸ் ஓட்டுகிறவன்.

ஆனால் அந்த வேலையிலும் சூட்சுமம் இருக்கத்தான் செய்தது. பேசுகிறவர் உட்கார்ந்துவிட்டாரே என்று உடனே அணைத்துவிடக் கூடாதாம். சில பேர் பாதி உட்கார்ந்தபடியே கடைசியாக ஒரு வார்த்தையை வீசுவார்கள். அதைக் கத்தரித்துவிட்டால் மறுநாள் உரிமைப் பிரச்சினை என்று கிளம்பிவிடுவார்கள். அதனால் உட்கார்ந்தாரா என்பது கணக்கில்லை, பேச்சு முடிந்ததா என்பதுதான் கணக்கு. அதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்றேன். தோளைப் பார்த்தாலே தெரியும் என்றார். பேச்சு முடிந்தவருடைய தோள் இறங்கிவிடுமாம்.

இன்னொரு விஷயமும் உண்டு. நாள் முழுக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருக்கிற மனிதருக்கு, அங்கே என்ன பேசினார்கள் என்பது மட்டும் தெரியாது. வரி ஏறுமா, ஏறாதா என்று நாங்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஆவலாகக் கேட்போம். அவர் நிதானமாக யோசித்துவிட்டு, நிதி அமைச்சருக்கு இன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குரல்தான் அவருக்குக் காதில் விழும். பேச்சின் அர்த்தத்துக்குள் போனால் கை மந்தமாகிவிடும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்தார்களாம். அதை அவர் இத்தனை வருஷமாகக் காப்பாற்றி வந்தார்.

அப்படிப்பட்டவர் மாட்டிக்கொண்டது கண்ணாடிக் கூரையில்.

போக்குவரத்து அமைச்சர் ஒருவர் இருந்தார். அதற்கு முன் விளையாட்டு, அதற்கும் முன் விவசாயம் என்று இலாகா இலாகாவாகச் சுற்றி வந்தவர். இலாகா மாறுமே தவிர, புகைப்படத்தில் சிரிப்பு மாறாது. அவர் காலத்தில் பஸ் நிறுத்தங்களுக்கெல்லாம் வெளிநாட்டிலிருந்து கூரை வாங்கினார்கள். அதுவும் கண்ணாடிக் கூரை. வெயிலுக்கு ஒதுங்குகிற இடத்துக்குக் கண்ணாடியில் கூரை போட வேண்டும் என்று யாருக்குத் தோன்றியதோ, அவர் ஒரு நாளாவது பஸ்ஸுக்கு நின்றிருக்க மாட்டார். சரி, அதையாவது மாட்டினார்களா என்றால் அதுவும் இல்லை. முதலில் கம்பங்களை நட்டார்கள். பிறகு கூரை வந்து இறங்கியது. கம்பம் ஒரு அளவு, கூரை ஒரு அளவு. கம்பங்கள் நட்டது நட்டபடி நின்றன, கூரைகள் ஒரு கிடங்குக்குப் போயின. அந்தக் கிடங்குக்கு மாதாமாதம் அரசாங்கம் வாடகை கட்டியது. கம்பத்தையும் தார் ரோட்டின் ஓரத்தை ஒட்டியே நட்டுவிட்டதால், நிறுத்தத்தில் வண்டியை ஓரமாக ஒடிக்கும்போதெல்லாம் என் பக்கக் கண்ணாடி போய்விடுமோ என்று எனக்குப் பயம். தினமும் மனதுக்குள் அமைச்சரைத் திட்டிக்கொண்டுதான் பிரேக் போடுவேன்.

சகலையின் மனைவியை நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். துணி தைக்கிற தொழிற்சாலையில் வேலை, மதியம் தொடங்குகிற ஷிப்ட். அவர்கள் இருக்கிற அரசு ஊழியர் குடியிருப்பின் வாசல் நிறுத்தத்தில் உச்சி வெயிலில் நின்று பஸ் ஏறுவாள். ஒரு நாள் பஸ் வரத் தாமதமாகி, கண் இருட்டிக்கொண்டு வந்து, கூரையில்லாத அந்தக் கம்பத்தைப் பிடித்தபடியே கீழே சரிந்துவிட்டாள். யாரோ தண்ணீர் தெளித்து எழுப்பி வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். கம்பம் சுட்டதில் உள்ளங்கை சிவந்திருந்தது. சகலை அன்று வேலை முடிந்து வந்ததும் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

அதற்கு அடுத்த வாரம்தான் அவையில் கூரை விவகாரம் வந்தது. நான் ஷிப்ட் முடிந்து டிப்போ கேன்டீனில் இருந்தேன். டிவியில் நேரடி ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க்கட்சி வரிசையில் ஓர் அம்மா எழுந்தார். முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். இன்னும் வகுப்பில் நிற்கிற மாதிரியே நிற்பார். கூரை, கம்பம், கிடங்கு, வாடகை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் குரலை உயர்த்தாமலே கேட்டார்.

"அமைச்சருக்கு ஒரே கேள்விதான். இதைத் தெரிஞ்சு வாங்கினீங்களா, தெரியாம வாங்கினீங்களா? தெரிஞ்சு வாங்கியிருந்தா அது திருட்டு. தெரியாம வாங்கியிருந்தா அந்த நாற்காலிக்கு நீங்க ஆள் இல்ல. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

கேன்டீனில் டீ ஆற்றுகிறவர்கூடக் கையை நிறுத்திவிட்டார். அமைச்சர் எழுந்தார், சிரித்தார். பஸ் ஏழைகளின் வாகனம் என்றார். தொலைநோக்குப் பார்வை என்றார். முந்தைய ஆட்சியில் கம்பம்கூட இல்லையே என்றார். கேட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பக்கத்திலிருந்த நிதி அமைச்சரிடம் சாய்ந்தார். அடுத்து வந்த குரல் நாடு முழுக்கக் கேட்டது.

"என்ன கூரைய்யா இது? நான் எப்ப வாங்கினேன்?"

"மெதுவாப் பேசுங்க" என்ற நிதி அமைச்சரின் குரலும் கணீரென்று கேட்டது.

அவை அல்லோலகல்லோலப்பட்டது. கேன்டீனில் சிரிக்காத ஆள் இல்லை. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகுதான், அந்த மைக் ஏன் அணையவில்லை என்ற எண்ணம் வந்தது. டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

மேற்பார்வையாளர் ஓடி வந்து பொத்தானைத் தட்டுகிற வரைக்கும் என் சகலையின் விரல் பொத்தான்மேல் அப்படியே கிடந்ததாம். விசாரணை முடிகிறவரை வர வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை போனால் குடியிருப்பும் போகும். ஓய்வு பெறச் சில வருஷமே இருக்கிற மனிதர் எங்கே போவார்? அக்கா அலமாரியிலிருந்த பாத்திரங்களை எடுத்துத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் வந்து சகலையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நெஞ்சுரம் உள்ளவர் என்று புகழ்ந்தார். மாடி வீட்டில் இருக்கிற ஊழியர் சங்கச் செயலாளர் ஆளும் கட்சிக்காரர். அவர் படியில் எதிர்ப்பட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். இதுவரைக்கும் எனக்குப் புரிந்தது. யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பது வெட்டவெளிச்சமாக இருந்தது.

ஆனால் சில நாட்களில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. அமைச்சர் முணுமுணுத்ததை நீங்களே கேட்டீர்கள், பாவம், அவருக்கு எதுவுமே தெரியாது, தெரியாத மனிதர் எப்படித் திருட முடியும் என்று ஆளும் கட்சி மேடை மேடையாகப் பேச ஆரம்பித்தது. இத்தனை வெள்ளை மனதா என்று பஸ்ஸில் ஜனங்கள் உச்சுக்கொட்டினார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போன செயலாளர் ஒரு பை ஆப்பிளோடு கீழே இறங்கி வந்தார். கையைக் குலுக்கியவர் மறுபடி வந்து, அமைச்சரைக் காப்பாற்ற எவ்வளவு வாங்கினாய் என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். சகலை இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். எதற்குப் பாராட்டு, எதற்குத் திட்டு என்பது அவருக்கு விளங்கவே இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் விளங்கவில்லை. அமைச்சர் நல்லவரா, உதவாக்கரையா, இரண்டுமா என்று யோசித்து, ஒரு நாள் நிறுத்தத்தில் நிறுத்தாமலே வண்டியை ஓட்டிவிட்டேன்.

இரண்டு தரப்பும் அவருக்குப் பாடம் நடத்தின. கை தவறிவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள், அப்போதுதான் அமைச்சர் பேசியது நிஜம் என்று நிற்கும், வேலைக்கு நான் பொறுப்பு என்றார் செயலாளர். மைக்கை அணைக்காமல் வைக்கும்படி மேலிடத்தில் சொன்னார்கள், வைத்தேன் என்று சொல், அப்போதுதான் அந்த நாடகம் அம்பலமாகும், நாங்கள் ஆட்சிக்கு வந்ததும் பார்த்துக்கொள்கிறோம் என்றார் மற்றவர். சகலை இருவருக்கும் தலையாட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. அவரைத் தனியாகக் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

"எங்கிட்டயாவது உள்ளதச் சொல்லுங்க சகல. வேணும்னே வெச்சீங்களா, மறந்துபோய் வெச்சீங்களா?"

"ரெண்டும் இல்ல" என்றார்.

"ரெண்டும் இல்லாம மூணாவதா என்ன இருக்கு?"

"அதான் எனக்கும் தெரியல. கை அணைக்கத்தான் போச்சு. ஆனா அழுத்த வரல."

அவருடைய தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. இப்படியே போய் அங்கேயும் உளறுங்கள், அக்காவோடு சேர்ந்து தெருவில் நிற்கலாம் என்று கத்திவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தொட்டியிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்த குழாயைத் திருகி அடைத்துவிட்டு என்னோடு வீட்டுக்கு நடந்தார்.

விசாரணை அன்று லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். இரண்டு கட்சி உறுப்பினர்களும் இருக்கிற குழு அது. கணக்கு டீச்சரும் அதில் ஒருவர். என்னை உள்ளே விடவில்லை. வாசலில் ஒரு பெஞ்சு, பெஞ்சுக்கு மேலே சுவரில் ஒரு ஸ்பீக்கர். உள்ளே பேசுவது வெளியே காத்திருக்கிறவர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் அதில் கேட்கும். நான் ஸ்பீக்கரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

குழுத் தலைவர் முதலில் வேலையைப் பற்றிக் கேட்டார். சகலை மெதுவாகச் சொன்னார். இயந்திரம் பழுதா என்று கேட்டார்கள். இல்லை என்றார். யாராவது வைக்கச் சொன்னார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றார். கை தவறிவிட்டதா என்றது ஒரு குரல், அது ஆமாம் என்ற பதிலை எதிர்பார்த்து ஏங்குகிற குரல். அதற்கும் இல்லை என்றார். இரண்டு பக்கத்துக் கதவையும் தானே சாத்திக்கொண்டாரே என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"அமைச்சர் உட்கார்ந்ததைப் பார்த்தீங்களா?" என்றார் தலைவர்.

"பார்த்தேன் ஐயா."

"பார்த்துமா அணைக்கல?"

ஸ்பீக்கரில் சகலை தொண்டையைச் செருமுவது கேட்டது.

"உட்கார்ந்தா அணைக்கக் கூடாதுங்க. பேச்சு முடிஞ்சாத்தான் அணைக்கணும். அதான் விதி."

"முடிஞ்சுதானே உட்கார்ந்தார்?"

"இல்லீங்களே. அந்த அம்மா ஒண்ணு கேட்டாங்க. நான் வேலைக்கு வந்த நாள்லேர்ந்து அங்க பேசறதக் கேட்டதில்ல. அன்னிக்குக் கேட்டுட்டேன். அது எங்க வீட்டு வாசல் நிறுத்தம். இவர் அதுக்கு இன்னும் பதிலே சொல்லல. சொல்லுவாருன்னு இருந்தேன்."

டீச்சர் ஏதாவது பேசுவார் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை. ஆளும் கட்சியும் பேசவில்லை, எதிர்க்கட்சியும் பேசவில்லை. யாரோ ஒருவர் நாற்காலியை நகர்த்தினார். அப்புறம் தலைவரின் குரல், மைக்கை அணையுங்கள் என்றது. யார் அணைப்பது என்று உள்ளே ஒரு சலசலப்பு. இந்த அறைக்கு யார் ஆள், எங்கே போனார் என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டார்கள். அந்தச் சலசலப்புக்கு நடுவே செருப்புத் தேய்கிற சத்தம் ஒன்று வந்தது. அந்த நடை எனக்குத் தெரியும். டக் என்று ஸ்பீக்கர் அடங்கிவிட்டது.

அவரைப் பொத்தான் மேஜையிலிருந்து எடுத்துப் பார்வையாளர் வாசலில் குடைகளை வாங்கி வைக்கப் போட்டது, குடியிருப்பு தப்பியது, அமைச்சர் வேறு இலாகாவுக்குப் போனது எல்லாம் பிறகு நடந்தவை. அன்று அவர் வெளியே வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அணைக்கச் சொன்னாங்க. ஆள் இல்ல. நானே அணைச்சுட்டேன்" என்றார்.

"பேச்சு முடிஞ்சுதா?" என்றேன்.

சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்ல சகல. இனிமேதான் பேசுவாங்க."