தூணுக்கு ஒரு மாற்றாள்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் எனக்குக் கொழுந்துக் கம்பி வேலை. மலை உச்சியிலிருந்து கொழுந்து மூட்டைகள் கம்பியில் தொங்கியபடி பள்ளத்திலுள்ள தொழிற்சாலைக்கு இறங்கும். கம்பியைத் தாங்கும் தூண்களில் ஏறி, கப்பிகளுக்கு எண்ணெய் விட்டு, தேய்ந்தவற்றை மாற்றுவது நான் ஒருவன்தான். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு டிசம்பர் மழையில் கை விறைத்துப்போய், ஒருநாள் கப்பியின் ஆணியைப் பூட்டாமலே இறங்கிவிட்டேன். பாதியில் ஞாபகம் வந்து திரும்ப ஏறிப் பூட்டினேன். அந்தத் தூணுக்குக் கீழேதான் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவியும் அங்கே நின்றாள்.

அதை யாரிடமும் சொல்லவில்லை. இன்னொரு ஆள் கேட்க வேண்டும் என்று நினைப்பேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுக்க நிற்கும்போது வாய் வராது.

அந்த வாரம் பக்கத்துக் காம்பராவில், லொறி ஓட்டுபவர் வீட்டில், கார் பேட்டரியில் ஓடும் டிவியில் செய்தி பார்த்தோம். பூமியைச் சுற்றும் பெரிய தொலைநோக்கி ஒன்றுக்குப் பார்வை மங்கலாக இருக்கிறதாம். அதைத் திருத்த ஏழு பேர் விண்கலத்தில் போயிருந்தார்கள். வெள்ளை உடுப்போடு இரண்டு பேர் வெளியே மிதந்துகொண்டு எதையோ கழற்றினார்கள்.

"அங்கயும் ஒன்னோட வேலைதான்," என்றார் லொறிக்காரர். "ஒன்னையும் ஏத்திக்கிட்டுப் போயிருக்கலாம்."

"இவரா? அங்க போயும் வாயத் தொறக்க மாட்டாரு," என்றாள் என் மனைவி.

எல்லாரும் சிரித்தார்கள். செய்தி வாசித்தவர் இன்னொன்றும் சொன்னார். இன்று வெளியே போன இருவர் நாளைக்குப் போகமாட்டார்கள். நாளைக்கு வேறு இருவர்.

மறுநாள் டீமேக்கரிடம் போனேன். தொழிற்சாலை அவர் பொறுப்பு, யாழ்ப்பாணத்துக்காரர். ஆணியை மறந்ததை முதலில் சொன்னேன். தூணுக்கு இன்னொரு ஆள் கேட்டேன். பிறகு, "வானத்துல தொலைநோக்கி திருத்துறாங்களே, அவங்களே ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வேலைக்கு எறங்குறாங்க, ஐயா," என்றேன்.

"அவைக்குப் பின்னால ஒரு நாடே நிக்குது. உனக்குப் பின்னால நான் மட்டும்தான்," என்றார். தேயிலைத் தூளைக் கையில் தேய்த்துப் பார்த்தார். "ஆணியை விட்டிட்டன் எண்டு அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?"

"பயமா இருந்துச்சுங்க."

"சரி, ஒரு ஆளைத் தாறன். ஆனா ஏறாத நாளில சும்மா இருக்கேலாது. மலையில கான் வெட்டப் போ."

அப்படியே நடந்தது. மாற்றாளாக என் மச்சானையே போட்டார். ஒருநாள் மச்சான் தூணில் ஏற, நான் தண்ணீர் ஓடும் கான்களை வெட்டினேன். மறுநாள் மாறிக்கொண்டோம். கான் வெட்டு தூணைவிடக் கஷ்டம். மாலையில் முதுகு நிமிராது.

"இதுக்குத்தானா வாயத் தொறந்தீங்க?" என்று மனைவி கேட்டாள். நான் தட்டை இழுத்துவைத்துச் சாப்பிட்டேன்.

கம்பியை நிறுத்தி, கொழுந்தை லொறியில் ஏற்றத் தொடங்கும்வரை நாங்கள் மாறி மாறித்தான் ஏறினோம். கீழே நின்றவர்கள் மேல் ஒன்றும் விழவில்லை.

எழுதியது: 2003 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை.