பையனுக்குக் காட்டணும்

ஒன்பது வயதில் எனக்குப் பைத்தியம் பிடித்து, அது குணமாகவும் ஆகிவிட்டது என்று ரொம்ப வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

வைத்திக்குப்பத்தில் பெரியப்பா படகு கவிழ்ந்து இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அப்பா கடலில் இறங்கவில்லை. அலை காலைத் தொட்டாலே திரும்பி வந்துவிடுவார். அம்மாவின் மீன்கூடையில்தான் வீடு ஓடியது. பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்றே படித்த மேடம் ஒருவர் இருப்பதாகவும், பேசியே சரிசெய்வார் என்றும் அம்மாவிடம் மீன் வாங்கும் நர்ஸ் சொல்லியிருக்கிறார். ஏற்கனவே மூன்று பேர் மந்திரித்துக் கயிறு கட்டி ஏமாற்றியதால், சர்ட்டிபிகேட்டைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது, பள்ளிக்கு மட்டம் போடவைத்து அப்பா என்னைப் பஸ் ஏற்றினார் என்பதுதான்.

பஸ்ஸில் விசாரித்தவரிடமும் சீட்டு கொடுக்கும் ஜன்னலிலும் அப்பா ஒன்றையே சொன்னார்: "பையனுக்குக் காட்டணும்."

குழந்தைகள் பிரிவுக்கு அனுப்பினார்கள். எடை போட்டு, நாக்கை நீட்டச் சொல்லி, பையன் கல்லு மாதிரி இருக்கான் என்று திருப்பி அனுப்பினார்கள். அப்பா மறுபடி ஜன்னலில் குனிந்து ஏதோ முணுமுணுத்தார். வேறு சீட்டு வந்தது. அது கொண்டுபோய்விட்ட இடத்தில், மனநலப் பிரிவு என்று போர்டு.

 நான் தனியாகச் சிரிப்பது, சாக்பீஸ் தின்பது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அப்பா உள்ளே போக, நான் பெஞ்சில் உட்கார்ந்து, புத்தி தெளிவாக இருப்பதை நிரூபிக்கப் பதினாறாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொன்னேன். பக்கத்திலிருந்தவர் எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து மேடத்துடன் அப்பா வந்தார். கண் சிவந்திருந்தது. நமக்கு முற்றிவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன்.

"ஷாக் வெச்சிடாதீங்க மேடம், இனிமே சாக்பீஸ் துன்னமாட்டேன்."

மேடம் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒண்ணும் வெக்க மாட்டோம் தம்பி. ஒனக்கு ஒரு வேல இருக்கு. புதன்கிழமையானா அப்பாவ இங்க கூட்டிட்டு வரணும்."

மாற்றிச் சொல்கிறார், படித்தவர்களுக்கும் வாய் குழறும் என்று மன்னித்துவிட்டேன்.

அன்றைக்கும் புதன்தான்; அதையும் சேர்த்து ஆறு புதன்கிழமை போனோம். ஏழாவது புதன்கிழமை விடியும்போதே அப்பா படகைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். இனி ஆஸ்பத்திரி இல்லை என்றாள் அம்மா. எனக்குக் குணமாகிவிட்டது என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்தேன்.

நடந்தது இவ்வளவுதான்: என் அப்பா பயந்திருந்தார். அதை ஒருவரிடம் சொல்ல ஆறு தடவை பஸ் ஏறிப் போனார்.