புள்ளிக்கோட்டில் ஒரு வீடு

கட்டடப்படம் கீறுகிற தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை: கட்டப்போவதைக் கீற முதல், இடிக்கப்போவதைத்தான் அளக்கவேண்டும். திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஓர் இசையரங்கு வரப்போகிறது, படம் நாங்கள்தான் என்று எங்கள் கந்தோர் முதலாளி, சேர், சொன்னபோது எனக்குத் துள்ளிக் குதிக்காத குறை. கப்பல்துறைக் கிராமத்தில் தகரக் கூரைக்குக் கீழே படித்தவள், கடலைப் பார்க்கிற கண்ணாடி அரங்கு கீறப் போகிறேன்! வீட்டுக்குப் போய் மகளைத் தூக்கி இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

நாடா பிடித்தவர்

அரங்குக் காணியில் எட்டு வீடுகள். ரோட்டோரத்து முதல் வீடு மலர் அக்காவுடையது. துறைமுக வேலையாட்களுக்கு இடியப்பம் அவித்து விற்கிறவர். நானும் எங்கள் அளவுகாரர் நஸீர் நானாவும் போன அன்று, அளவு நாடாவின் மற்ற நுனியைப் பிடிக்க ஆளில்லை. மாக்கையைக் கழுவிவிட்டு அவரே வந்து பிடித்தார். அரங்கு வருகிறது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். அவருடைய வீடு போகப்போவது எனக்குத்தான் தெரியும். அவர் தந்த பிளேன்ரீயைக் குடித்தேன். சுவரோடு நாடாவை அழுத்திக்கொண்டு சொன்னார்:

"இறுக்கித்தான் பிடிச்சிருக்கிறன் பிள்ளை. பிறகு அளவு பிழைச்சால் என்னைச் சொல்லப்படாது."

வீடு என்று எழுதினேன்

எங்கள் படத்தில் நிற்கப்போவது முழுக்கோடு, போகப்போவது புள்ளிக்கோடு. காணியின் மூலையில் ஒல்லாந்தர் காலத்துச் சரக்குக் கிட்டங்கி ஒன்று, வௌவால் மட்டும் குடியிருக்கிறது. பழைய நகரத்தின் அடையாளமாம், அதற்கு முழுக்கோடு. உடைந்த ஓட்டைக்கூட விடாமல் கீறினேன். ஆட்கள் குடியிருந்த எட்டு வீட்டுக்கும் புள்ளிக்கோடு, ஒவ்வொன்றிலும் வீடு என்று எழுதினேன்.

ஏழு குடும்பங்கள் துறைமுகத்துக்குத் தூரத்தில், பாலையூற்றில், மாற்றுக்காணிக்குக் கையெழுத்து வைத்துவிட்டன. மலர் அக்கா மாட்டேன் என்றார். விடியக்காலையில் வேலைக்குப் போகிறவன் பாலையூற்றுக்கு வந்தா இடியப்பம் வாங்குவான்? சேர் என் படத்தைக் குனிந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. என் மகளுக்கு நிறப்பென்சில் வாங்கித் தருகிறவர்.

"வீடெண்டு போடாதைங்கோ தங்கச்சி, தற்காலிகக் கட்டடம் எண்டு போடுங்கோ. வீடெண்டால் ஆரும் கேள்வி கேப்பினம்."

ஆகப் பெரிய சத்தம்

அரங்குக்குள் துறைமுகச் சத்தம் கேட்கக் கூடாதென்று, சத்தம் அளக்கக் கொழும்பிலிருந்து ஒரு பொடியன் வந்தான். கருவியை மலர் அக்கா முற்றத்தில் நிறுத்தி, "இஞ்ச ஆகப் பெரிய சத்தம் என்ன அம்மா, கப்பல் ஊதுறதோ?" என்று கேட்டான். பக்கத்தில் கடைசிக் குடும்பம் கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தது.

"கப்பலுக்குப் பழகிட்டம் தம்பி. உந்தத் தகரம் கழட்டுற சத்தத்துக்குத்தான் காது பழகுதில்லை."

ஒரே ஒரு தட்டு

அடுத்த நாள் படம் அனுமதிக்குப் போகவேண்டும். மலர் அக்காவின் வீட்டைக் கணினியில் தொட்டு ஒரு தட்டு: புள்ளிக்கோடு முழுக்கோடானது. அந்த இடத்தில் நாலு கார் நிற்பதாக இருந்தது, அவ்வளவுதான். அச்செடுத்த தாளை நஸீர் நானா கனநேரம் பார்த்தார். பிடிபட்டால் வேலை போகும்.

"கண்ணாடியை வீட்டில விட்டுட்டு வந்திட்டன் தங்கச்சி. எனக்கு எல்லாக் கோடும் ஒரே மாதிரித்தான் தெரியுது."

லட்டுப் பெட்டி

அனுமதி முத்திரை விழுந்தது. ஒப்பந்தக்காரர் படத்தில் உள்ளபடி வேலை தொடங்கினார். மலர் அக்காவின் வீட்டில் ஒரு கல்லும் பெயரவில்லை. சேர் கண்டபோது காரியம் கடந்துவிட்டது. படத்தைச் சுருட்டி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அதோடு மகளுக்கு உடம்பெல்லாம் கொப்புளமாய் அம்மாள் போட்டு, நான் கனநாள் லீவில் நின்றேன். திரும்பி வந்ததும் ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு நேரே அங்கே போனேன்.

வீட்டைக் காணவில்லை. ஆளுயரத்துக்கு மேல் மதில். பின்னால் எழும்பிக்கொண்டிருந்த அரங்கின் முதுகு, ஒரு பக்கம் ஜெனரேட்டர் அறை, மறுபக்கம் தண்ணீர்த் தாங்கி. இடிக்கப்போகிற வீட்டுக்கு வாசல் எதற்கு, படலை எதற்கு? படத்தில் ரோட்டோர மதிலை ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நேரே இழுத்திருந்தது. அந்த மதிலையும் நான்தான் கீறினேன். வீட்டின் கோட்டை மாற்றியவள், மதிலை மறந்துபோனேன்.

மலர் அக்கா உள்ளேயும் வெளியேயும் கல்லை அடுக்கி, மதிலேறித்தான் போய் வருகிறார். இடியப்பச் சட்டி அடுப்பேறி நாள் கணக்காம். உள்ளே ஆளிருப்பதே ரோட்டில் போகிறவனுக்குத் தெரியாது. படலை ஒன்று விடச் சேரிடம் கெஞ்சினேன். படத்தைத் திருத்தக் கேட்டால் அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள், வந்தால் வீட்டைக் காண்பார்கள், கண்டால் இடிப்பார்கள் என்றார். பொய் இல்லை. திரும்பப் போய், வெளியே நின்றபடி அதை அப்படியே மலர் அக்காவிடம் சொன்னேன். மதிலுக்கு மேலால் குரல் மட்டும் வந்தது:

"வீட்டைக் கீறிக் காப்பாத்தினியே பிள்ளை, வாசலை எங்க வச்சனி?"

தொழில்காரரே, ஒருவரை முழுக்கோட்டில் நிறுத்தப் புறப்பட்டால் முதலில் படலையைக் கீறுங்கள், லட்டைப் பிறகு வாங்கலாம்.