முதுகு வரைந்த அஃப்ரா டீச்சர்

காயல்பட்டினத்து அஃப்ரா டீச்சரின் ஓவியங்களைப் பார்ப்பவர்கள், இத்தனையும் ஒரே கை வரைந்ததா என்று கேட்பார்கள். உப்பளங்கள், துறைமுகத்துக் கிரேன்கள், ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்கள், அப்புறம் வரிசை வரிசையாக மனித முதுகுகள். இவருக்கு எங்கிருந்துதான் இவ்வளவு தோன்றுகிறதோ என்று வியப்பார்கள். தோன்றுவதெல்லாம் பஸ்ஸில்தான்.

தூத்துக்குடியில் ஒரு பள்ளியில் அவர் ஓவிய ஆசிரியை. காலைப் பஸ்ஸில் வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் உப்பளமும் தூரத்துக் கிரேன்களும். இடப்பக்கம் கிடைத்தால் கொடிக்கால். சாயங்காலம் திரும்பும்போது சீட்டே கிடைக்காத நாட்களில் கண்ணுக்கு எதிரே இருப்பது முன்னால் நிற்பவரின் முதுகு மட்டுமே. அதையும் விடுவானேன் என்று வரைந்துகொண்டார்.

இடைஞ்சல்களுக்கும் குறைவில்லை. பஸ் குலுக்கலில் கிரேன்கள் கொஞ்சம் சாய்ந்தே வந்தன. கடற்காற்றின் வேகத்தை இப்படிக் காட்டியவர் யாருமில்லை என்று ஒரு கல்லூரிப் பேராசிரியர் பாராட்டியபோது டீச்சர் தலையாட்டிக்கொண்டார். ஷார்ஜாவில் வேலை பார்க்கும் கணவர் தமீம், வெள்ளை வண்ணம் கேட்டால் மஞ்சளை அனுப்பிவிட்டு, இதுவும் நன்றாகத்தான் இருக்கும் என்பார். அந்த வருடத்து உப்பளங்களில் சாயங்கால வெயில் கொஞ்சம் தூக்கல்.

முகம் மட்டும் அவர் வரைவதில்லை. யாராவது கேட்டால், "உம்மாவுக்குப் பிடிக்காது" என்று சொல்லி, பேச்சை அடக்கத்தோடு முடித்துக்கொள்வார். கேட்டவர்களும் மரியாதையோடு விலகிக்கொள்வார்கள்.

போன ஜூலையில் பள்ளி மண்டபத்தில் அவருடைய ஓவியங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். அங்கே விடுதியில் தங்கிப் படிக்கும் மகளைப் பார்க்கப் பெரியதாழையிலிருந்து வந்திருந்த ஜெப்ஸியும் அவள் கணவன் நேசக்குமாரும் மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தார்கள். நேசக்குமார் கடலுக்குப் போகிறவர். கிரேன்களை ரசித்துக்கொண்டே நகர்ந்தவர், முதுகுகள் இருந்த சுவர் பக்கம் வந்ததும் வாசலை நோக்கித் திரும்பினார். ஜெப்ஸி திரும்பவில்லை.

"இது ஒங்க முதுகுல்லா?" என்றாள்.

"ஏளா, ஒலகத்துல எம்புட்டு முதுகு கெடக்கு."

"தோள்பட்டைக் கிழிசல்ல நீல நூல் ஓடியிருக்கு பாருங்க. வெள்ளை நூல் தீந்துபோயி நான்தான் தச்சேன்."

படத்தில் அந்த ஆள் மேல் கம்பியை ஒரு கையால் பிடித்திருந்தார். மறு கையில் எண்ணெய் ஊறிய ஒரு பார்சல். படத்தின் மூலையில் தேதி போடுவது டீச்சரின் வழக்கம். ஜெப்ஸி அதைப் படித்து, மனதுக்குள் கணக்குப் போட்டாள். கறி தொடக்கூடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமை. படகு இஞ்சினுக்குச் சாமான் வாங்கத் தூத்துக்குடி போவதாக இவர் சொல்லிவிட்டுப் போன நாள்.

நேசக்குமார் பக்கத்தில் நின்ற டீச்சரைப் பரிதாபமாகப் பார்த்தார். இஞ்சின் சாமானிலும் எண்ணெய் இருக்குமே, அதையாவது எடுத்துச் சொல்லுங்கள் என்று கேட்டார். இன்னொருவருக்காகப் பொய் சொல்ல டீச்சருக்கு வராது.

"பார்சலுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. வாசம் மட்டும் வந்துச்சு."

"என்ன வாசம் டீச்சர்?" என்றாள் ஜெப்ஸி.

டீச்சர் பக்கத்துப் படத்தை நேராக்கத் தொடங்கினார். ஜெப்ஸிக்கு அதுவே போதுமாக இருந்தது. கோழிச் சால்னாவும் பரோட்டாவும் அங்கேயே ஒப்புக்கொள்ளப்பட்டன.

"முதுக மாட்டி என்னையும் மாட்டி விட்டுட்டீங்களே," என்றார் நேசக்குமார். "இதுக்குப் பதிலா என் மூஞ்சிய ஒரு படம் வரைஞ்சு தாங்க."

டீச்சர் வழக்கம்போல் உம்மாவைச் சொன்னார். ஆனால் அன்று உம்மா கதீஜா மண்டபத்தில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் எப்பளா வேணாம்னேன்? தொழுவுற ரூம்ல மாட்டாதேன்னுதானே சொன்னேன்."

தப்பிக்க வழியில்லாமல் போயிற்று. நேசக்குமாரை ஜன்னலோரம் உட்காரவைத்து டீச்சர் பென்சிலைப் பிடித்தார். அழித்தார், மறுபடி போட்டார், வியர்வையைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் தாளில் வந்து நின்றவர் காலைப் பஸ்ஸின் கண்டக்டரைப் போல இருந்தார். நேசக்குமார் தாளைத் தள்ளிப் பிடித்தும் கிட்டே பிடித்தும் பார்த்தார். ஜெப்ஸிதான் தீர்ப்புச் சொன்னாள்.

"முதுகையே குடுத்திருங்க டீச்சர். அதுல ஆள் அப்படியே இருக்காவ."

அந்தப் படம் இப்போது பெரியதாழையில், அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே இருக்கிறது. மாட்டும் இடத்தைத் தேர்ந்தெடுத்தவள் ஜெப்ஸி.

முகம் தனக்கு வராது என்பது வெளியே தெரிந்துவிட்டதில் அஃப்ரா டீச்சருக்கு இரண்டொரு நாள் வெட்கமாக இருந்தது. பிறகு அதுவே நிம்மதியாகிவிட்டது. வராததைக் கற்றுக்கொள்ளலாம், மறைத்துக்கொண்டே இருப்பதுதான் சிரமம் என்று தமீமிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது உம்மாதான் எதிரே உட்காருகிறார். அசையாமல் இருக்கச் சொன்னால் தூங்கிவிடுகிறார். எழுப்பினால், மூக்கைக் கொஞ்சம் சின்னதாகப் போடச் சொல்கிறார். தமீம் வீடியோவில் அழைக்கும்போது டீச்சர் ஒவ்வொரு படமாகக் காட்டுவார். போன வாரம் அவர் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்திருக்கும் இந்த விருந்தாளி யார் என்று கேட்டார்.