தாழம்புதரில் கட்டிய சிவப்புத் துணி

போன வருஷம் ஆனி மாதம், பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் நடந்தது இது.

குளத்தைத் தூர்வாரி, கரையைச் சுற்றி நடைபாதை போட வேண்டும் என்று ஊர்க் கமிட்டியிடம் மனு கொடுத்தோம். முதல் கையெழுத்து என்னுடையது. சர்க்கரை வந்த பிறகு நடக்க இடமில்லாமல் தவித்தவள் நான். மேற்குக் கரையில் எந்தெந்தத் தாழம்புதரை எடுக்க வேண்டும் என்று அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டியதும் நான்தான். ஒரு புதருக்குள்ளும் எட்டிப் பார்க்கவில்லை.

ஜேசிபி வந்த அன்று காலையில், தாமரைப் பூப் பறிக்கிறவர் தண்ணீரில் நின்றபடி கத்தினார்.

"எக்கா, அந்தத் தாழ மூட்டுக்குள்ள கானாங்கோழி அடைகாக்குவு. மூணு கூடு கெடக்கு. பத்து நாளு பொறுக்கப்பிடாதா?"

குனிந்து பார்த்தேன். வெள்ளை மார்புக் கோழி ஒன்று முட்டைமேல் அசையாமல் இருந்தது. இயந்திரம் இரைகிற இரைச்சலிலும் அது எழுந்து ஓடவில்லை. எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. கட்டிய துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். தாழை முள் கையைக் கிழித்தது. பிறகு வண்டிக்கு முன்னால் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கமிட்டித் தலைவர் ஓடி வந்தார். "ஏம்மா, பாத வேணும்னு மொதல்ல கையெழுத்துப் போட்டது நீங்கதானே? இப்பக் கோழிக்கு வக்காலத்தா?"

"ஆமா, நாந்தான் போட்டேன். புத்தி கெட்டுப் போட்டேன். வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

என்னோடு மனு கொடுத்த பெண்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வெயில் ஏறியது. நான் எழுந்திருக்கவில்லை. மதியம் வேறு குளத்தில் வேலை இருந்ததால் ஓட்டுநர் வண்டியைத் திருப்பினார். யாருக்கும் மனம் மாறியதாகச் சொல்ல மாட்டேன்.

மேற்குக் கரைக்கு அதன் பிறகு வண்டி வரவில்லை. பாதை இன்றும் அந்தப் புதர்கள்வரைதான். அங்கே போய்த் திரும்பி நடக்கிறவர்கள் என்னைத் திட்டுகிறார்கள், திட்டட்டும். அந்த வாரக் கடைசியில் கறுப்புப் பஞ்சு உருண்டைகளாகக் குஞ்சுகள் தண்ணீரில் இறங்கியதைப் பார்த்துவிட்டேன்.

நானே செய்த தப்பாக இருந்தாலும் அதை மறித்து நிற்க எனக்கு உரிமை உண்டு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். நாளைக்கே இன்னொரு வண்டி வந்தாலும் அதே மண்ணில்தான் உட்கார்ந்திருப்பேன்.