கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

மேனாம்பேட்டில் மூன்றாவது மாடி வீடு. தங்கை வேலைக்குப் போனபின் திருமுருகன் மட்டும்தான் இருப்பார். தினமும் பதினொரு மணிக்குச் சட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய கண்ணாடி ஜன்னலோரம் வெயிலில் உட்காருவார். மனச்சிதைவு நோய்க்குப் பத்து வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவர். வெளியே போனால் எல்லோரும் தன்னையே பார்ப்பதாகப் பயம். வைட்டமின் டி மிகக் குறைவு, உடம்பில் வெயில் படட்டும் என்று டாக்டர் சொன்னதற்கு அவர் கண்டுபிடித்த வழி இது.

மூன்று மாதம் கழித்து ரத்தம் சோதித்தபோதும் அளவு ஏறவில்லை.

"கண்ணாடி வழியா வர்ற வெயில் இதுக்கு உதவாது சார், வெளியில நில்லுங்க" என்றார், அவர் ஜன்னலோரம் உட்காருவதைக் கேட்டறிந்த நர்ஸ்.

மறுநாள் மொட்டை மாடிக்கு ஏறினார். கீழ்வீட்டுப் பொன்னியம்மா வடாம் காயவைத்துக்கொண்டிருந்தார். திருமுருகன் சட்டென்று திரும்பினார்.

"இன்னா நைனா, என்னைப் பார்த்து ஓடுற? நான் இன்னா பேயா? சும்மாதானே கீற, காக்கா வராம பார்த்துக்க. அடுப்புல குழம்பு கீது."

அரை மணி நேரம் கையை வீசிக்கொண்டு வெயிலில் நின்றார். இத்தனை வருடத்தில் யாரும் அவரை நம்பி ஒரு வேலையை ஒப்படைத்ததில்லை.

அடுத்த நாளும் போனார். வடாம் இல்லை, பொன்னியம்மாவும் இல்லை. கைப்பிடிச் சுவரில் இரண்டு காக்கைகள் மட்டும் உட்கார்ந்திருந்தன. அவற்றை விரட்டாமல், அரை மணி நேரமும் அங்கேயே நின்றார்.